இளவேனிலுக்கு முன் இல்லத்து நந்தவனம்

(கார்த்திகைத் திங்களில் திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்ந்த மாலைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இல்லத் தோட்டத்தை இளவேனிலுக்கு ஆயத்தம் செய்வது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருக்கும் கார்த்திகை மாலையில் சித்திரைப் பூவைப் பற்றிப் பேசவந்த இவன் யார் என்று சிலர் எண்ணக்கூடும். தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் அடியேன். சித்திரையில் பூக்க வேண்டிய செடிக்கு உரிய பணி கார்த்திகையில் தொடங்கி மாசியில் முடிந்துவிடுகிறது. சித்திரை பிறந்த பின்னர் நீர் வார்ப்பதைத் தவிர நாம் செய்யத்தக்கது மிகக் குறைவு. ஆகவே இப்பேச்சுக்கு இதுவே தக்க மாதம்.

நம் முன்னோர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இளவேனில் என்னும் பெயரை உற்று நோக்குங்கள். வேனிலின் இளமைப் பருவம் அது, வெப்பத்தின் தொடக்கம். உறைபனி பெய்யும் நாடுகளில் வசந்தம் வந்தால் மண் இளகுகிறது, கதகதப்பு பிறக்கிறது. அங்கே அது விதைக்குங்காலம். இங்கே அது, முன்னரே திரட்டி வைத்த வலிமையைக் கொண்டு மரமும் கொடியும் பூக்குங்காலம். வேம்பு பூக்கிறது, புங்கு தளிர்க்கிறது, சரக்கொன்றை இலையுதிர்த்துப் பொற்சரமாய்த் தொங்குகிறது. வசந்த காலத்தில் விதைக்கவும் என்று விதைப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு சித்திரையில் விதையூன்றி, முளைத்த நாற்று வெயிலில் கருகக் கண்டு, ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று வருந்துவோர் பலரை அறிவேன். அவர்கள் கையில் குறையில்லை. பொட்டலத்தில் உள்ளது வேறொரு நாட்டின் நாட்காட்டி.

திருக்கோயில்களில் நிகழும் வசந்த விழாவும் இதனையே காட்டுகிறது. மதுரையில் மீனாட்சியம்மன் திருக்கோயிலின் கிழக்கே உள்ள புதுமண்டபம் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்றே எழுப்பிய மண்டபம். அதன் நடுப்பகுதியைச் சூழ்ந்து பள்ளமாக அமைந்த இடத்தில் நீர் நிரப்பி, இறைவன் எழுந்தருளும் இடத்தைக் குளிர்விப்பர். வசந்தத்தைக் கொண்டாடுவது என்றால் குளிர்ச்சியைச் சேமித்து வழங்குவது என்று நம்மவர் பொருள் கொண்டிருந்தனர். தோட்டத்துக்கும் அதே பொருளே பொருந்தும்.

நந்தவனத் தொண்டு என்றவுடன் திருவரங்கத்தில் பூந்தோட்டம் அமைத்துத் துளவத் தொண்டு புரிந்த தொண்டரடிப்பொடியாழ்வாரும், திருப்புகலூரில் நாள்தோறும் மலர் பறித்து மாலை தொடுத்த முருக நாயனாரும் நம் நினைவுக்கு வருவர். அவர்கள் தொடுத்த மாலையை நாம் பெரிதும் போற்றுகிறோம். அந்த மாலைக்குப் பின்னால் மண்வெட்டியும் கொத்தும் நீர்க்குடமும் இருந்திருக்கும் என்பதனை அவ்வளவாக எண்ணுவதில்லை. இன்று நான் பேசவந்தது மாலையைப் பற்றியன்று, மண்வெட்டியைப் பற்றி.

முதலில் மல்லிகையை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் மல்லி, முல்லை, பிச்சி ஆகிய மூன்றும் உறவுக்கொடிகள். பிச்சியைச் சாதிமல்லி என்றும் சொல்வர். இம்மூன்றும் புதிதாய் எழும் தளிரின் நுனியிலேதான் அரும்பு கட்டும். பழைய, முற்றிய கொம்பு இலை தரும், பூத் தராது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்தால்தான் புதுத்தளிர் எழும். குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவில் தொடங்கி மார்கழி பிறப்பதற்குள் கவாத்து செய்தல் நன்று. பிச்சிக்கு மார்கழியின் நடுப்பகுதி. முல்லைக்குத் தைத்திங்களின் நடுப்பகுதி. மூன்றையும் ஒரே நாளில் வெட்டி முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டா. ஒவ்வொன்றுக்கும் அதனதன் காலம் உண்டு.

கவாத்துக்குச் சில நாட்கள் முன்பே நீர் வார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். செடி சற்று வாடினாற்போல் தோன்றும், அஞ்ச வேண்டா. பின்னர்க் கூரிய கத்தரியால் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம் விட்டு, மேலுள்ள கொம்புகள் அனைத்தையும் வெட்டிவிட வேண்டும். உலர்ந்த கொம்பு, நோயுற்ற கொம்பு, ஒன்றோடொன்று உராயும் கொம்பு இவற்றை அடியோடு நீக்க வேண்டும். வெட்டு, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக அமைய வேண்டும். மழுங்கிய கத்தியால் நைத்தால் அவ்வழியே நோய் புகும். வெட்டிய பின் செடியைச் சுற்றி மண்ணைக் கொத்திவிட்டு இரண்டொரு நாள் வெயில் படச் செய்தல் வேண்டும். மொட்டைத் தாக்கும் சிறு ஈயின் கூட்டுப்புழு அந்த மண்ணில்தான் உறங்கிக் கிடக்கும். மண்ணைப் புரட்டினால் அது வெயிலிலும் பறவையின் அலகிலும் அழியும். அதன்பின் ஒரு கூடை மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் இட்டு, வயிறார நீர் வார்க்க வேண்டும். பங்குனியில் அரும்பு தோன்றும்.

இவ்வளவும் எளிய செய்தியே. ஆனால் இதனைச் செய்வோர் மிகச் சிலர். காரணம் அறியாமை என்று நான் முன்பு எண்ணியதுண்டு. பழகப் பழக, அன்பே காரணம் என்று கண்டேன். ஓர் ஊரில் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் இல்லத்தில் முற்றத்து மல்லிகை பந்தல் முழுதும் படர்ந்து கிடந்தது. நல்ல வெயில் படும் இடம். இலை செழித்திருந்தது, பூ மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, அந்த ஆண்டு சுவாமி படத்துக்கு ஒரு முழம் கூடத் தேறவில்லை. மறைந்த கணவர் தம் கையால் நட்ட கொடி அது. “தம்பி, அவர் இருந்தவரைக்கும் தினமும் பறித்துக் கொடுப்பார். அவர் வைத்ததில் நான் கத்தி வைக்க மாட்டேன்” என்றார் அவ்வம்மையார். அருகில் இருந்த மகன், “அம்மா ஊருக்குப் போகும்போது வெட்டிவிடலாம் சார்” என்று என் காதில் சொன்னார். அதற்கு நான் உடன்படவில்லை.

அம்மையாரையே அழைத்துச் சென்று, அவ்வாண்டு பூத்த சில காம்புகளைத் தேடிக் காட்டினேன். பூத்த காம்பு ஒவ்வொன்றும் பச்சைத் தளிர்; தடித்த பழுப்புக் கொம்பு ஒன்றிலும் பூவின் அடையாளமே இல்லை. “அம்மா, ஐயா வைத்தது இந்த வேர். வேரை யாரும் தொடப்போவதில்லை. பாதிக் கொடியை மட்டும் இந்த ஆண்டு வெட்டுவோம். மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும். சித்திரையில் இரண்டையும் நீங்களே பாருங்கள்” என்றேன். நெடுநேரம் கொடியைப் பார்த்திருந்துவிட்டு, கத்தரியைத் தம் கையிலேயே வாங்கிக்கொண்டார். முதல் கொம்பை வெட்டும்போது அவர் கண்ணீர் உகுத்ததை நான் கண்டேன். அடுத்த ஆண்டு கார்த்திகையில் மறுபாதியை வெட்ட அவர் யாரையும் கேட்கவில்லை என்று மகன் தெரிவித்தார். வெட்டத் தயங்கும் அன்பர்களுக்கு நான் சொல்லும் வழி இதுவே: பாதி வெட்டுங்கள், பாதி விடுங்கள், செடியே விடை சொல்லும்.

துளசிக்கும் இது பொருந்தும், அளவில் சிறிதாக. கதிர் முற்றி விதை வைத்துவிட்டால் துளசி தன் கடமை முடிந்தது எனத் தளரத் தொடங்கும். கதிர் இளசாக இருக்கும்போதே கிள்ளி அருச்சனைக்குக் கொண்டால் பக்கக் கிளைகள் தழைக்கும். துவாதசியிலும் மாலை வேளையிலும் துளசி பறிப்பதில்லை என்னும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. செடிக்கும் ஓய்வு கிடைக்கிறது என்ற அளவில் அவ்வழக்கம் எனக்கு மிகவும் உவப்பானது.

செம்பருத்தியைத் தை மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் போதும். அதற்கு வெயில் காலத்தில் பெரும்பகை மாவுப்பூச்சி. 2008ஆம் ஆண்டில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி கோவைப் பகுதியில் தோன்றிப் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் அழித்தது. வீட்டுச் செம்பருத்திகளும் வெண்பஞ்சு போர்த்தாற்போல் நின்றன. எத்தனையோ மருந்துகள் தெளித்தும் அடங்காத அப்பூச்சியை, 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வருவித்த ஒரு சிறு குளவி அடக்கியது. மிகச் சிறிய அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனைக் கொல்லும். கடும் நஞ்சைத் தெளித்திருந்தால் குளவியே முதலில் மாண்டிருக்கும். ஆதலால் வீட்டுத் தோட்டத்தில் நஞ்சு வேண்டா. தளிர்க்கும் பருவத்தில் இலையின் அடிப்புறத்தை நாள்தோறும் பாருங்கள். வெண்மை கண்டால் நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிடில் ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சந்தையில் நாம் வாங்கும் மல்லிகை நாள்தோறும் பறிக்கப்படுவது. காய்கறிக்கு மருந்து தெளித்தால் சில நாள் காத்திருந்து அறுவடை செய்யலாம். பூவுக்கு அந்த இடைவெளி கிடைப்பது அரிது. மொட்டுப்புழுவோடு போராடும் உழவர்மீது நான் குறை சொல்லவில்லை. அவர்தம் பிழைப்பு அது. ஆயினும் தலையில் சூடுவதும், குழந்தை முகர்வதும், இறைவன் திருமேனியில் சாத்துவதுமான பூ நஞ்சின்றி இருக்க வேண்டும் என்று விரும்புவோர்க்கு, வீட்டில் இரண்டு கொடி வளர்ப்பதே உறுதியான வழி. இரண்டு கொடிகள் ஊருக்குப் பூத் தாரா. ஒரு பூசையறைக்குத் தரும். மார்கழி தையில் பனியால் விளைச்சல் குன்றி மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறும்போது, நம் கொடி பூக்கவில்லையே என்று ஏங்க வேண்டா. அப்போது அது வெட்டுண்டு உறங்க வேண்டிய காலம். அந்நாட்களில் நந்தியாவட்டை இருக்கிறது, அலரி இருக்கிறது. சிவபூசைக்குச் சிறந்தனவாகச் சொல்லப்படும் எட்டு மலர்களில் இவ்விரண்டும் உள்ளன. புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், பாதிரி, நீலோற்பலம், செந்தாமரை ஆகியன மற்ற ஆறு. நந்தியாவட்டை சற்று நிழலையும் பொறுத்துக்கொள்ளும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர்க்கு ஏற்றது. அலரி வெயிலையும் வறட்சியையும் தாங்கும்; ஆனால் அதன் இலை, பூ, விதை, பால் அனைத்தும் நஞ்சு. சிறு குழந்தை உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள், பறித்தபின் கை கழுவுங்கள்.

அடுத்து மண். இப்போது மழை மண்ணை நனைத்திருக்கிறது. தை பிறந்தால் மழை நிற்கும், காற்று உலரும், இந்த ஈரம் பங்குனிக்குள் பறந்துவிடும். அதனைப் பிடித்து வைப்பதற்கு மூடாக்கைப் போல எளிய வழி வேறில்லை. போகிக்கு வீட்டைத் தூய்மை செய்து, முற்றத்துச் சருகையெல்லாம் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறோம். பழையன கழிய வேண்டியதுதான். ஆனால் சருகு பழைய பொருளன்று. மண்ணின் அடுத்த வேளை உணவு. இவ்வாண்டு சருகைத் தீக்குக் கொடாமல், செடியைச் சுற்றி நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டா. அங்கே ஒரு கையகல இடைவெளி விடுங்கள், இன்றேல் தண்டு அழுகும். கரையான் தொல்லை உள்ள இடத்தில் வேப்பம்புண்ணாக்கைத் தூவி அதன்மேல் பரப்பலாம். மூடாக்கின் கீழ் மண் குளிர்ந்திருக்கும், மண்புழு மேலே வரும், களையும் குறையும். சித்திரை நண்பகலில் மூடாக்கை விலக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். வெறும் மண்ணையும் தொட்டுப் பாருங்கள். அதன்பின் என் பேச்சு தேவைப்படாது.

தொட்டிச்செடி வைத்திருப்போர் தை மாதத்தில் ஒருமுறை மண்ணை மாற்ற வேண்டும். செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றும் சம பங்கு என்பது பழகிய அளவு. மாடியில் வைப்பதானால் மணலைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைச் சேர்த்தால் பாரமும் குறையும், ஈரமும் தங்கும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்த பின்னரே கலக்க வேண்டும். கோடையில் மொட்டைமாடித் தளம் தகிக்கும். தொட்டிகளைத் தளத்தில் நேரே வையாமல் செங்கல்மேல் வையுங்கள். ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள். பங்குனி பிறக்கும்போது நிழல்வலை கட்டிவிடுங்கள். ஈரமண் மிகுந்த எடையுள்ளது என்பதனையும், பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவே குவிக்காமல் தூண்களும் சுவர்களும் தாங்கும் ஓரங்களில் வைக்க வேண்டும் என்பதனையும் மறவாதீர்கள்.

நீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது பதித்த குழாய்கள் பல வீடுகளில் இன்று இலையும் மண்ணும் அடைத்துக் கிடக்கின்றன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுவர நேர்ந்ததை நாம் அறிவோம். அத்தகைய ஆண்டில் குடிக்க நீரில்லாதபோது பூச்செடிக்கு எவ்வாறு வார்ப்பது என்னும் கேள்வி எழுவது நியாயமே. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஐந்நூறு சதுர அடிக் கூரையில் இருபது மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழத் தொள்ளாயிரம் லிட்டர். இன்றிரவே அவ்வளவு பெய்யலாம். அடைத்த குழாயை நாளைக் காலையில் நீக்கினால் அந்நீர் உங்கள் கிணற்றடிக்குச் செல்லும். அரிசியும் பருப்பும் கழுவிய நீரைச் செடிக்கு வார்க்கலாம். துணி துவைத்த சோப்பு நீரை மல்லிகைக்கும் துளசிக்கும் வார்க்க வேண்டா. வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம்.

வெளியூர் செல்வோர்க்கு ஒரு பழைய முறை உண்டு. மெருகிடாத மண்பானையைச் செடிக்கு அருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிட வேண்டும். பானையின் நுண்துளை வழியே நீர் மெல்லக் கசிந்து வேரைச் சேரும். வேர்கள் பானையைத் தழுவிக்கொண்டு வளர்வதைப் பின்னர்த் தோண்டும்போது காணலாம். மூடுவது இன்றியமையாதது. திறந்த நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். அல்லியோ தாமரையோ தொட்டியில் வளர்ப்போர் சில சிறு மீன்களை விட்டுவைத்தால் கொசுப்புழுவை அவை தின்றுவிடும்.

காய்கறி பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். பாகல், பீர்க்கு, பூசணி ஆகியவற்றைத் தைப்பட்டத்தில் ஊன்றினால் வெயில் முற்றுமுன் கொடி பந்தலேறிவிடும். அப்பந்தலின் நிழலில் கீரைப்பாத்தி அமைக்கலாம். மாசியில் இரவுப் பனியும் பகல் வெயிலுமாக இருக்கும்போது கொடியின் இலைமேல் வெண்சாம்பல் படிந்தாற்போல் நோய் வரும். அவ்விலைகளைக் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

நிறைவாக, வெட்டிய மல்லிகைக் கொம்புகளை என்ன செய்வது? பெருக்கிக் குப்பையில் போடுவதற்கு முன்பு, மிக முற்றாததும் மிக இளசல்லாததுமான கொம்புகளைத் தெரிந்தெடுங்கள். ஒரு சாண் நீளம், மூன்று கணு இருத்தல் வேண்டும். அடி இலைகளை நீக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் செல்லுமாறு ஈரமணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு மாத அளவில் வேர்விடும். எல்லாம் பிழைக்கமாட்டா, ஆகவே பத்து வேண்டுமானால் இருபது ஊன்றுங்கள். நான் குறிப்பிட்ட அந்த அம்மையார் தாம் வெட்டிய கொம்புகளில் எட்டை வேரூன்றச் செய்து, மணமாகிச் சென்ற மகள்கள் வீட்டுக்கும் அண்டை வீடுகளுக்கும் கொடுத்தார். நம் திருக்கோயில் நந்தவனத்திலும் சென்ற வாரம் மல்லிகை கவாத்து நடந்தது. வெட்டிய கொம்புகள் ஈரச்சாக்கில் சுற்றிக் கிணற்றடியில் வைக்கப்பட்டுள்ளன. விரும்பும் அன்பர்கள் போகும்போது ஆளுக்கு ஐந்தாறு எடுத்துச் செல்லலாம். இன்றிரவு நீரில் நிறுத்தி வைத்து, நாளைக் காலை வெயிலேறுமுன் ஊன்றிவிடுங்கள்.